திருச்சியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் பயணங்கள்: எந்த இடம், எந்த மாதம்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. மாற்றலாகி திருச்சிக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம், கல்லணை, முக்கொம்பு எல்லாம் பார்த்தாயிற்று. ஞாயிறு மட்டும்தான் ஓய்வு. ஒரு சின்ன கார், ஒன்பது வயதிலும் பதின்மூன்று வயதிலும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியோடு உங்கள் மாமியார். காலையில் கிளம்பி இருட்டும் நேரத்துக்குள் வீடு திரும்ப வேண்டும், பார்ப்பது வேறெங்கும் பார்க்க முடியாததாக இருக்க வேண்டும். கூடவே, திருவிழா என்று கேள்விப்பட்டு ஒரு கிராமத்துக்குப் போய், கழற்றிக்கொண்டிருந்த பந்தலை மட்டும் பார்த்துத் திரும்பியதையும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரியில்தான் உங்கள் உண்மையான கேள்வி இருக்கிறது என்று நினைக்கிறேன். இடங்களின் பட்டியல் யாரிடமும் கிடைக்கும். எதற்கு எந்த மாதம் போவது, யாரைக் கேட்டுவிட்டுப் போவது என்பதுதான் உங்களுக்கு வேண்டும்.

நான் ஜியாலஜி படித்து, அதையே கல்லூரியில் நடத்தி ஓய்வு பெற்றவன். மாணவர்களைக் களப்பணிக்கு அழைத்துப்போனது பெரும்பாலும் பெரம்பலூர், அரியலூர், புதுக்கோட்டைப் பக்கங்களுக்குத்தான். அந்த வழியில் ஊர்க்காரர்களோடு பழக்கம் ஏற்பட்டு திருவிழாக்களுக்கும் போகத் தொடங்கினேன். அதனால் பாறைகளைப் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். கல்வெட்டு, கோயில் வரலாறு பற்றிச் சொல்வது அந்தத் துறை அறிஞர்கள் எழுதியதைப் படித்து அறிந்தது. திருவிழாக் கதைகள் ஊரார் சொல்லிக் கேட்டவை. அவற்றை அந்த அளவிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தேதி விஷயம். நம் பக்கத்துத் திருவிழாக்கள் மூன்று வகையில் நாள் குறிக்கப்படுகின்றன. சில, தமிழ் மாதத் தேதியில் நிற்பவை: ஆடி 18, மாட்டுப் பொங்கல் போல. இவை ஆங்கிலத் தேதியில் ஒரு நாள் முன்பின் நகரலாம், அவ்வளவுதான். இரண்டாவது வகை, நட்சத்திரமும் திதியும் பார்த்து வருபவை: மாசி மகம், பங்குனி உத்திரம், சித்ரா பௌர்ணமி. இவற்றை வருடா வருடம் பஞ்சாங்கத்தில் பார்த்தே ஆக வேண்டும். போன வருடத் தேதியை வைத்துக்கொண்டு கிளம்பினால் நிச்சயம் தவறும். மூன்றாவது வகை, ஊர் கூடி முடிவு செய்வது. அய்யனாருக்கு மண் குதிரை செய்து கொண்டுபோகும் புரவி எடுப்பு, மீன்பிடித் திருவிழா, பல ஊர்களின் அம்மன் திருவிழா எல்லாம் இதில் சேரும். மழை எப்படிப் பெய்தது, அறுவடை முடிந்ததா, கண்மாயில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, ஊருக்குள் துக்கம் ஏதும் நடந்ததா, பங்காளிகளுக்குள் ஒற்றுமை இருக்கிறதா என்று எல்லாம் பார்த்துத்தான் நாள் வைப்பார்கள். சில வருடம் நடக்காமலே போகும். நீங்கள் ஏமாந்தது பெரும்பாலும் இந்த மூன்றாவது வகையாக இருக்கும். இணையத்தில் வரும் செய்தி திருவிழா முடிந்த மறுநாள்தான் வரும், அதை நம்பிப் போவதில் பயனில்லை.

இந்த வகைக்கு ஒரே வழி, ஊரோடு தொடர்பு வைத்துக்கொள்வது. அம்மன் திருவிழாவாக இருந்தால் காப்புக் கட்டு என்று ஒன்று முன்னதாக நடக்கும். காப்புக் கட்டிவிட்டார்கள் என்றால் பெரும்பாலும் எட்டு நாளிலோ பதினைந்து நாளிலோ திருவிழா வந்துவிடும், இனி தள்ளிப்போகாது என்று பொருள். ஒரு இடத்தைப் பார்க்கப் போகும்போதே பக்கத்து ஊர் டீக்கடையில் உட்கார்ந்து, 'இந்தப் பக்கம் காப்புக் கட்டியாச்சா, எந்த ஊர் கண்மாய்ல மீன் பிடிக்கப் போறாங்க' என்று கேளுங்கள். கடைக்காரர் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இடங்கள் ஓடிப்போகாது, எந்த ஞாயிறும் போகலாம். ஆகவே இடத்துக்காகக் கிளம்புங்கள், திருவிழாவை அங்கே போய் விசாரித்துக்கொள்ளுங்கள். இந்த வரிசையில் போனால் எந்தப் பயணமும் வீணாகாது.

சரி, இடங்களுக்கு வருகிறேன். முதலில் போக வேண்டியது என்று நான் சொல்வது காரை, சாத்தனூர் என்ற இரண்டு ஊர்கள். சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூர் வரை போய்க் கிழக்கே திரும்பினால் முதலில் ஊட்டத்தூர் வரும். இந்தச் சின்ன ஊரின் பெயர் உலகம் முழுக்க நிலவியல் படித்தவர்களுக்குத் தெரியும். 1860களில் பிளான்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர் இந்தப் பகுதிப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அந்தப் பெயர்கள் இன்றுவரை நிற்கின்றன. ஊட்டத்தூரிலிருந்து காரைப் பக்கம் போகப் போக, வயலும் கருவேலமும் மறைந்து, மண் அரித்து அரித்து வாய்க்கால் வாய்க்காலாகப் பிளந்த ஒரு வெட்டவெளி வரும். செம்மஞ்சள் களிமண் மேடுகள், புல் பூண்டு கிடையாது, நடுநடுவே வெயிலில் மின்னும் ஜிப்சம் கீற்றுகள். திருச்சி மாதிரி காவிரி ஊருக்கு இவ்வளவு பக்கத்தில் இப்படி ஒரு நிலமா என்று முதல் முறை பார்ப்பவர்கள் நின்றுவிடுவார்கள்.

அது பழைய கடலின் அடித்தரை. இந்தியாவும் அண்டார்டிகாவும் ஒட்டியிருந்து பிரிந்தபோது கிழக்குக் கரையோரம் நிலம் தாழ்ந்து, அதில் கடல் உள்ளே ஏறியது. கிரெட்டேசியஸ் காலத்தில், ஏறக்குறைய பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய பெரம்பலூர், அரியலூர் பக்கமெல்லாம் கடல். அதன் சேறு படிந்து இறுகியதுதான் நீங்கள் மிதித்து நிற்கும் களிமண். கொஞ்சம் பொறுமையாகக் குனிந்து பார்த்தால் துப்பாக்கித் தோட்டா போல வழவழப்பான, பழுப்பு நிறக் குச்சிகள் கிடக்கும். அவை பெலம்னைட்டுகள். கணவாய் மீனுக்கு உறவான, இன்று அடியோடு அழிந்துபோன ஓர் உயிரின் உள் ஓடு. சிப்பிகளும், அதிர்ஷ்டம் இருந்தால் அம்மோனைட் என்ற, அழிந்துபோன இன்னொரு கடல் உயிரின் சுருள் சுருளான அச்சும் தென்படும். உங்கள் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாட வகுப்பு கிடையாது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். எதையும் எடுத்து வராதீர்கள். ஒரு புதைபடிவம் எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடக்கிறது என்பதை வைத்துத்தான் அதன் வயதும் அந்தக் கடலின் ஆழமும் தெரிய வருகிறது. வீட்டு ஷோகேசுக்கு வந்துவிட்டால் அது வெறும் கல். போட்டோ எடுங்கள், அளவு தெரிய ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வைத்து எடுங்கள், அங்கேயே விட்டுவிடுங்கள். பார்த்த வகைகளைப் பெயரோடு தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அரியலூர் பக்கம் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. அதை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

காரைக்கு மார்கழி, தை, மாசித் தொடக்கம்தான் ஏற்ற காலம். அதற்குமேல் வெயில் தாங்காது, அங்கே ஒதுங்க ஒரு மரம் கிடையாது. மழை பெய்த மறுநாள் போகவே கூடாது. களிமண் செருப்பைப் பிடித்துக்கொள்ளும், வாய்க்கால் ஓரம் சரியும். வண்டியைத் தார்ச்சாலையிலேயே நிறுத்திவிட்டு நடங்கள். உங்கள் மாமியார் சாலையோரத்தில் நின்றபடியே அந்த நிலத்தின் பெரும்பகுதியைப் பார்த்துவிடலாம்.

அங்கிருந்து சாத்தனூர் பக்கம்தான். கல்லான மரம் ஒன்று வேலிக்குள் படுத்திருக்கிறது, 18 மீட்டர் நீளம். 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் இதைக் கண்டறிந்து பதிவு செய்தார். பின்னாளில் அந்தத் துறைக்கு இயக்குநரான முதல் இந்தியர் அவர். மரம் சேற்றுக்குள் புதைந்து, காற்றுப் படாமல், நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிகா அதன் இழைக்குள் நுழைந்து மெல்ல மெல்ல மரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதனால் முடிச்சும் கிளை ஒடிந்த தழும்பும் அப்படியே தெரிகின்றன. மரம் கிடக்கும் அடுக்கு கடல் படிவு, ஆகவே அது அங்கே முளைத்ததில்லை. கரையில் வளர்ந்த மரத்தை ஆறு அடித்துக்கொண்டு வந்து கடலில் சேர்த்திருக்கிறது. இதுவரை உறுதி. வயதுதான் கேள்விக்குரியது. 12 கோடி ஆண்டு என்று பல இடங்களில் எழுதியிருப்பதைப் படிப்பீர்கள். அந்த அடுக்கு பிந்தைய கிரெட்டேசியஸ் காலத்தைச் சேர்ந்தது, அந்தக் காலம் தொடங்கியதே சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். ஆகவே 12 கோடி பொருந்தாது, பத்துக் கோடிக்கு உட்பட்டது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வண்டியிலிருந்து இறங்கிச் சில அடி நடந்தால் போதும், முழங்கால் வலிக்காரர்களும் பார்க்கலாம்.

இரண்டாவது ஞாயிறுக்கு மதுரை நெடுஞ்சாலை. விராலிமலை முப்பது கிலோமீட்டர்தான். விடிந்ததும் போய்விட வேண்டும், காரணம் மயில்கள். காலையில் மலைச்சரிவிலும் படிகளிலும் உலாவும், வெயில் ஏறினால் புதருக்குள் போய்விடும். அங்கே முருகனுக்குச் சுருட்டு படைக்கிறார்கள். கோயில் திருப்பணியில் இருந்த கருப்பமுத்து என்பவர் மழையிலும் ஆற்று வெள்ளத்திலும் மாட்டிக்கொண்டு குளிரில் நடுங்கியபோது யாரோ ஒருவர் சுருட்டுக் கொடுத்து ஆற்றையும் கடக்க உதவினார், மலையேறி வந்து பார்த்தால் சன்னிதியில் சுருட்டு இருந்தது என்று கதை சொல்கிறார்கள். வழக்கம் நிச்சயம், கதை செவிவழி. படி ஏற முடியாதவர்களுக்கு அடிவாரத்திலேயே மயில்கள் தென்படும். பரதநாட்டியத்துக்கு முந்தைய வடிவமான சதிராட்டம் ஆடிய மரபின் கடைசிக் கண்ணிகளில் ஒருவராக 2022இல் பத்மஸ்ரீ பெற்ற முத்துக்கண்ணம்மாளும் இந்த ஊர்க்காரர்தான். மலையேறும்போது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொண்டே போகலாம்.

விராலிமலையிலிருந்து இலுப்பூர் வழியாக அன்னவாசல் போனால் சித்தன்னவாசல். ஓவியங்களுக்காகத்தான் எல்லோரும் போகிறார்கள். தாமரைக் குளம், அன்னம், யானை, பூப்பறிக்கும் துறவி எல்லாம் மங்கலாகவாவது இன்னும் தெரிகின்றன. குழந்தைகளுக்குப் பிடிப்பது வேறு. அந்த ஓவியங்கள் இருக்கும் அறிவர் கோயில் என்ற சமணக் குடைவரையின் உள்ளறையில் நின்று வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் இழுத்தால், ஒரு குறிப்பிட்ட சுருதியில் அறையே சேர்ந்து ஒலிக்கும். காவலரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், அவரே செய்து காட்டுவதும் உண்டு. இது மாயம் இல்லை. சின்ன, வழவழப்பான கல் அறைக்கு என்று ஓர் ஒத்ததிர்வு இருக்கிறது, குரல் அதைத் தொட்டதும் ஒலி பெருகுகிறது. இந்தக் குடைவரையை மகேந்திரவர்மப் பல்லவன் வேலை என்று முன்பு எழுதினார்கள். பின்னர் கிடைத்த கல்வெட்டு, மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் 9ஆம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில் இதைப் புதுப்பித்ததைச் சொல்கிறது. ஓவியங்கள் அந்தக் காலத்தவை என்பதே இன்று பெரும்பாலோர் கருத்து. முதலில் குடைந்தது யார் என்பதில் முடிவு இல்லை. குன்றின் மேலே ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர்களின் கற்படுக்கைகள் இருக்கின்றன. பாறை சுட்டுவிடும், பத்து மணிக்கு முன் ஏறிவிடுங்கள். மாமியார் கீழே நிழலில் இருக்கட்டும்.

பக்கத்திலேயே குடுமியான்மலை. பாறையில் ஏழு சுரங்களையும் கோவை கோவையாக வெட்டிய இசைக் கல்வெட்டு இருக்கிறது. இதையும் மகேந்திரவர்மன் பேரில் எழுதிவிடுவார்கள், ஆனால் கல்வெட்டில் ருத்திராசாரியாரின் சீடனான ஓர் அரசன் என்றுதான் இருக்கிறது, பெயர் இல்லை. சங்கீதம் கற்கிறவர் வீட்டில் இருந்தால் கட்டாயம் போங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். நார்த்தாமலை விஜயாலய சோழீஸ்வரம் அப்படித் தள்ளிப்போடக் கூடியது இல்லை. பெயரில் சோழன் இருந்தாலும், கல்வெட்டுப்படி கட்டியவர் இளங்கோவதியரையர் என்ற முத்தரையர். மழையில் இடிந்ததை இன்னொருவர் எடுத்துக் கட்டியதும் அதிலேயே இருக்கிறது. வெறும் பாறை மீது தனியே நிற்கும் அந்த வட்டக் கருவறைக் கோயிலுக்குப் போகப் பாறையில் கொஞ்ச தூரம் ஏற வேண்டும். மாலை நான்கு மணிக்குமேல் போனால் வெயிலும் சாயும், கல்லின் நிறமும் மாறும். திருமயம் கோட்டை, பெரம்பலூர் தாண்டி ரஞ்சன்குடிக் கோட்டை இரண்டும் நல்ல இடங்கள்தான், கோட்டை ஆசை உள்ளவர்களுக்கு. உங்கள் 'வேறெங்கும் இல்லாத' என்ற கணக்கில் அவை பின்னால்தான் வரும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் புதுக்கோட்டைக்குத் தெற்கே, நமணசமுத்திரம் பக்கம் இருக்கும் அய்யனார் கோயில். போகும் வழியின் இரண்டு பக்கமும் வரிசை வரிசையாக மண் குதிரைகள். புதியவை வண்ணத்தோடு நிற்கும், பழையவை தலை போய், கால் போய், செடி முளைத்து நிற்கும். யாரும் அவற்றைச் சரிசெய்வதில்லை, அகற்றுவதும் இல்லை. நேர்ந்துகொண்டவர்கள் கொடுத்த குதிரை மண்ணிலிருந்து வந்தது, மண்ணுக்கே போகும். அதைப் பராமரிக்கவில்லை என்று வெளியூர்க்காரர்கள் குறை சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது அந்த வழிபாட்டைப் புரிந்துகொள்ளாத பேச்சு.

குதிரை எடுப்பதென்று ஊர் முடிவு செய்தால் முதலில் பிடிமண் கொடுப்பார்கள். ஊர்ப் பெரியவர்கள் ஒரு பிடி மண்ணை எடுத்து, மண் குதிரை செய்யும் குயவரான வேளார் கையில் கொடுப்பது. அதை வாங்கிக்கொண்ட பிறகே அவர் வேலையைத் தொடங்குவார். பல கோயில்களில் பூசை செய்பவரும் அதே வேளார்தான். கண்மாய் மண்ணில் வைக்கோலும் உமியும் கலந்து, கால்களைத் தனியாக, உடலைத் தனியாக வனைந்து ஒட்டி, காயவைத்துச் சுடுவார். புரவி எடுப்பு நாளில் கண் திறந்து, மாலை போட்டு, ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடுவார்கள். இது மேலே சொன்ன மூன்றாவது வகை. வருடத்துக்கு ஒரு முறை எடுக்கும் ஊரும் உண்டு, சில வருடங்களுக்கு ஒரு முறை எடுக்கும் ஊரும் உண்டு. வேளார் வீட்டு முற்றத்தில் குதிரைகள் காய்கின்றன என்றால் நாள் நெருங்கிவிட்டது.

அதே புதுக்கோட்டை மாவட்டத்தில் நாள் தவறாமல் நடப்பது குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் மாசி மகம். ஆலங்குடி தாண்டிக் கீரமங்கலம் பக்கம். முப்பது அடிக்குமேல் உயரமான ஒரு குதிரை, முன்னங்கால்களைத் தூக்கியபடி நிற்கும். மாசி மகத்தில் அதற்குக் காகிதப்பூ மாலை போடுகிறார்கள். ஒரு ஆள் கழுத்துக்குப் போடும் மாலை இல்லை, லாரியிலும் டிராக்டரிலும் ஏற்றிக்கொண்டு வரும் நீள நீள மாலைகள். பொழுது சாய்வதற்குள் குதிரை தெரியாது, நிறங்கள் மட்டும்தான் தெரியும். 'ஆசியாவிலேயே உயரமான குதிரை' என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். அதை அளந்து ஒப்பிட்ட சான்று எதையும் பார்க்க முடியாது என்பதால் அந்த வரியை நான் திரும்பச் சொல்வதில்லை. அந்தத் திருவிழாவுக்கு அந்தப் பட்டம் தேவையும் இல்லை.

மீன்பிடித் திருவிழாவைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். மாசி கடைசியிலிருந்து வைகாசி வரை, கண்மாய்த் தண்ணீர் முழங்கால் அளவுக்கு வந்ததும் பொன்னமராவதி, இலுப்பூர், அன்னவாசல், விராலிமலைப் பக்கத்து ஊர்களில் நடக்கும். பாசனம் முடிந்து, விவசாயத்துக்கு இனி இந்தத் தண்ணீர் வேண்டாம் என்ற பிறகுதான் நாள் வைப்பார்கள். முன்பு தண்டோரா, இப்போது வாட்ஸ்அப். விடியும் முன்பே சுற்று வட்டாரத்து ஜனம் முழுக்கக் கரையில் நிற்கும். கையில் ஊத்தா, கச்சா, வலை, தூரி என்று மீன் பிடிக்கும் சாமான்கள். ஊர்ப் பெரியவர் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசியதும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். விரால், கெளுத்தி, கெண்டை, ஜிலேபி என்று கிடைக்கும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்து கண்மாய் சேறாகிவிடும், அன்று அந்த வட்டாரத்தில் எந்தத் தெருவில் போனாலும் மீன் குழம்பு வாசம். பிடித்த மீனை விற்கக் கூடாது, சமைத்துத்தான் சாப்பிட வேண்டும் என்பது பல ஊர்க் கட்டுப்பாடு. அப்படிப் பகிர்ந்து சாப்பிட்டால் மழை பெய்யும் என்பது நம்பிக்கை. எல்லாக் கண்மாயிலும் நடக்காது, மீனைக் குத்தகைக்கு விட்ட கண்மாயில் இறங்க முடியாது. சில ஊர்களில் ஊத்தாவுக்கு இவ்வளவு என்று ஊர்க் கணக்கில் வாங்குவார்கள். நீங்கள் திருச்சியிலிருந்து நாலரை மணிக்குக் கிளம்பினால்தான் வெள்ளை வீசுவதைப் பார்க்கலாம். ஏழரைக்குப் போய்ச் சேர்ந்தால் சேறுதான். பிள்ளைகளைக் கரையோடு நிறுத்துங்கள். கெளுத்தி முள் குத்தினால் பெரியவர்களே துடிப்பார்கள்.

ஜல்லிக்கட்டு வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். திருச்சிக்குப் பக்கத்தில் பெரிய சூரியூரில் மாட்டுப் பொங்கலை ஒட்டி நடக்கும். வருடத்தின் முதல் ஜல்லிக்கட்டு என்று பெரும்பாலும் ஜனவரித் தொடக்கத்தில் கந்தர்வகோட்டைப் பக்கம் தச்சங்குறிச்சியில் நடக்கும். வாடிவாசலையும் காளை வளர்ப்பவர்களையும் நான் மதிக்கிறேன். ஆனாலும் ஒன்பது வயதுக் குழந்தையோடும் முழங்கால் வலிக்காரரோடும் போக வேண்டிய இடம் அது இல்லை. காளை சேகரிக்கும் இடத்தில், வாடியைத் தாண்டி வெகுதூரம் ஓடி வந்து, பார்வையாளர்களை முட்டுவது வருடா வருடம் நடக்கிறது. நீங்கள் மட்டும் நண்பர்களோடு போவதானால் கேலரியில் இடம் கிடைத்தால் போங்கள், தெருவில் நிற்காதீர்கள்.

குளித்தலை தாண்டி மேட்டு மகாதானபுரம் மகாலட்சுமி கோயிலில் ஆடிப்பெருக்குக்கு மறுநாள் பக்தர்கள் தலையில் தேங்காய் உடைப்பதும் அப்படித்தான். வேண்டுதல் வைத்தவர்கள் வரிசையாக உட்கார, பூசாரி உடைத்துக்கொண்டே போவார். வெள்ளைக்காரன் ரயில் பாதைக்காகக் கோயிலை இடிக்கப் பார்த்தபோது, தோண்டிய இடத்தில் கிடைத்த கற்களைத் தலையில் உடைத்துக் காட்டித் தடுத்தார்கள் என்று காரணம் சொல்கிறார்கள். எழுத்துச் சான்று எதையும் காட்டாத கதை அது. தலையில் தையல் போட்டுக்கொள்கிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கையை விமர்சிக்க எனக்கு உரிமை இல்லை, ஆனால் குழந்தைகள் கண்ணுக்கு வேண்டாம். நீங்கள் ஆடி 18 அன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறைக்கே போங்கள். புதுத் தாலிக் கயிறு மாற்றுபவர்கள், முளைப்பாரி விடுபவர்கள், காதோலை கருகமணியோடு படையல் போடுபவர்கள் என்று காவிரிக்கரை நிறைந்திருக்கும், உங்கள் மாமியாருக்கும் பிடிக்கும்.

அவருக்காகவே ஒன்று சொல்கிறேன், சமயபுரம். தினமும் கூட்டம் போகிற கோயில்தானே என்று விட்டிருப்பீர்கள். மாசி மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை பூச்சொரிதல் தொடங்கும். அன்றிலிருந்து 28 நாள் அம்மன் பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள். பக்தர்கள் சாமிக்காக விரதம் இருப்பதைத்தான் எங்கும் பார்த்திருப்போம், இங்கே உலக மக்களுக்காக அம்மனே இருக்கிறாள். அந்த நாட்களில் தளிகை, அதாவது சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், பழம் மட்டும்தான். சுற்று வட்டார ஊர்களிலிருந்து தட்டுத் தட்டாகப் பூ வந்து குவியும். சமவெளிக் கோயில், படி இல்லை, வீட்டிலிருந்து அரை மணி நேரம்.

போகும் முறை பற்றிச் சில விஷயங்கள். ஒரு நாளைக்கு இரண்டு இடத்துக்குமேல் வைக்காதீர்கள். அய்யனார், கருப்பர் கோயில்களில் சிலவற்றில் பெண்கள் ஒரு எல்லைக்குமேல் போகும் வழக்கம் இல்லை. வண்டியை நிறுத்தியதும் அங்கே இருப்பவரிடம் கேட்டுவிட்டால் மனவருத்தம் வராது. கோயில்காட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள், ஒரு குச்சியைக்கூட ஒடிக்காதீர்கள். சாமியாடுபவரின் முகத்துக்கு நேரே போனை நீட்டுவது மிகவும் தவறு. அன்னதானத்துக்குக் கூப்பிட்டால் மறுக்காமல் உட்கார்ந்து சாப்பிடுங்கள், புறப்படும்போது வரி நோட்டில் முடிந்ததை எழுதுங்கள். அறுவடைக் காலத்தில் ஊர்ச் சாலைகளில் கதிரும் உளுந்தும் காயப் போட்டிருப்பார்கள். அதன்மீது வேகமாக ஏற்றினால் வண்டி வழுக்கும், இருட்டில் குவியலும் கல்லும் தெரியாது. அதனால்தான் மாலை ஆறு மணிக்குள் நெடுஞ்சாலைக்கு வந்துவிடச் சொல்கிறேன். அப்புறம், திரும்பும் வழி மணப்பாறையாக இருந்தால் முறுக்கை அங்கேயே சுடுகிற இடத்தில் நின்று வாங்குங்கள். இரண்டு முறை எண்ணெயில் போட்டு எடுப்பதுதான் அந்த மொறுமொறுப்புக்குக் காரணம் என்று போடுபவர்களே சொல்வார்கள். அந்த ஊர்த் தண்ணீரின் லேசான உப்புச் சுவைதான் காரணம் என்றும் சொல்வார்கள். முதலாவது கண்ணால் பார்க்கக் கூடியது.

இப்போது தை பாதி தாண்டிவிட்டது. வரும் ஞாயிறே காரையையும் சாத்தனூரையும் முடித்துவிடுங்கள், மாசி பிறந்து பத்து நாள் போனால் அங்கே வெயில் தாங்காது. அதற்கடுத்த ஞாயிறு விராலிமலை, சித்தன்னவாசல். அன்றைக்கு அன்னவாசல் டீக்கடையில் கண்மாய் விவரம் கேட்டு வைத்துவிட்டால் மீன்பிடித் திருவிழாவுக்குத் தகவல் வந்துவிடும். மாசி மகம் எந்தக் கிழமையில் வருகிறது என்று இன்றைக்கே காலண்டரில் பாருங்கள். வார நாளாக இருந்தால் ஒரு நாள் லீவு போட்டாவது குளமங்கலம் போகலாம், அந்தளவுக்குத் தகுதியான திருவிழா. அங்கே காலையிலேயே போய்ச் சேருவது போலக் கிளம்புங்கள். வெயில் ஏறிய பிறகு மாலை ஏற்றிய வண்டிகள் கீரமங்கலம் சாலையை நிறைத்துவிடும், உங்கள் வண்டியை வெகுதூரத்திலேயே விட்டுவிட்டு நடக்க வேண்டியிருக்கும். மாமியாருக்கு அது முடியாது.